மறுக்கும் முன் எடுத்துரைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல பண்பாட்டினர் கலந்து வாழும் இன்றைய உலகில் தத்துவத்தின் பணி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எல்லாப் பண்பாடுகளும் அடிப்படையில் ஒன்றையே சொல்கின்றன என்று காட்டுவதே அப்பணி என்னும் அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. வேறுபாடுகள் மெய்யானவை, அவற்றை இல்லையென்பது, அவற்றையே வாழ்வாகக் கொண்டவர்களின் பேச்சைக் காதில் வாங்காமல் விடுவதாகும்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தை எண்ணிப் பார்க்கலாம். வரைவுப் பணியில் முன்னின்ற லெபனானின் சார்லஸ் மாலிக் கிறித்தவத் தத்துவ அறிஞர், சீனாவின் பி.சி. சாங் கன்பூசியச் சிந்தனையில் ஊறியவர். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று முதல் பிரிவிலேயே சேர்க்க வேண்டுமென ஒரு தரப்பு கோரியபோது, அந்நம்பிக்கை இல்லாத மக்களுக்கும் உரியது இப்பிரகடனம் என்று சாங் வாதிட்டார். இறுதியில் கடவுளும் சேர்க்கப்படவில்லை; வரைவில் இருந்த 'இயற்கையால்' என்ற சொல்லும் எடுக்கப்பட்டது. மனித மாண்புக்கு மூலம் எது என்பதில் அவரவர் விடை அவரவரிடமே இருக்க, 48 நாடுகள் ஆதரித்தும் 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகியும், எதிர்ப்பின்றிப் பிரகடனம் நிறைவேறியது. காரணத்தில் வேறுபட்டவர்கள் உரிமையில் உடன்பட இடமுண்டு என்பதை வாதத்தின் வழியாகவே அவர்கள் கண்டடைந்தனர்.

அத்தகைய வாதத்துக்கு ஒழுங்கு வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்ற பகுதிக்கு முன்பாக, பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தை வைக்கிறது. அதிலும் உலகாயதன் (கண்ணால் காணும் உலகே மெய் என்பவன்) முதலிய ஒவ்வொருவரின் கொள்கையையும் முதலில் கூறிய பின்னரே மறுக்கிறது. (அம்மறுப்புகள் கடுமையானவை, வேறுபாட்டை மதிப்பதென்றால் எதையும் கேள்வி கேட்காமல் விடுவது என்று பொருளில்லை.) எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ஒப்பும்படி எடுத்துரைக்கும் இந்தப் பயிற்சியைத்தான் தத்துவம் இன்று நமக்குத் தர வேண்டும். நல்லொழுக்க வாசகங்களை மனப்பாடம் செய்விப்பதால் மாணவர்களுக்கு இது கைவராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பண்பாட்டு உரிமைகள், சமயச் சார்பின்மை போன்ற பொருள்களில் முரண்பட்ட இருவரைத் தங்கள் இதழில் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் நிலையை முதல் பத்தியில் எடுத்துரைக்கட்டும், அது சரிதான் என்று மற்றவர் ஒப்புக்கொண்ட பின்னரே கட்டுரைகள் அச்சேறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்