கோட்டை என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'குமரி என்றைக்கும் தேசியக் கட்சிகளின் கோட்டை' என்று தங்கள் நடுப்பக்கக் கட்டுரை அடித்துச் சொல்கிறது. வெளியூர்க்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் எழுதும் வரி இது. மார்த்தாண்டத்தில் அப்பா காலம் முதல் அச்சகம் நடத்திய குடும்பம் எங்களுடையது. எல்லாக் கட்சி நோட்டீசும் எங்கள் மேஜைக்கு வந்துதான் போயிருக்கிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இந்த மாவட்டம் காங்கிரசுக்குப் போனதே, அன்றைய திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட ஒரு தமிழ்ப் போராட்டத்தின் வழியாகத்தான். 1952-ல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணி வென்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் பெயரில். 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவனந்தபுரத்தில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. நேசமணியின் இயக்கம் காங்கிரசில் கரைந்தது. பிற மாவட்டங்களில் மொழியுணர்வு உதயசூரியன் பக்கம் திரண்ட நேரத்தில், இங்கே அதை ஏற்கெனவே காங்கிரசின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையில் பூட்டியாயிற்று. 1967-ல் தமிழகமே புரண்டபோதும் காங்கிரசுக்குக் கிடைத்த மூன்று மக்களவைத் தொகுதிகளில் நாகர்கோவில் ஒன்று. நேசமணி மறைந்த பின் வந்த 1969 இடைத்தேர்தலில், விருதுநகர் கைவிட்ட காமராஜரை டெல்லிக்கு அனுப்பியதும் நாங்கள்தான்.

காங்கிரஸ் கட்சி உடைந்து, காளைச் சின்னம் முடங்கியது. 1971-ல் காமராஜருக்கு ராட்டை சுற்றும் பெண் சின்னம். அப்பா காளைச் சின்னம் அச்சடிக்கும் பிளாக்கைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். எப்படியும் திரும்ப வரும் என்று நம்பினார். வரவில்லை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் தடுமாறவில்லை. தமிழகத்தின் மற்ற 38 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி அள்ளியபோது இங்கே காமராஜர் வென்றார். பின்னாளில் இதே தொகுதியில் டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார். முதல் நான்கு முறை கை, பிந்தைய இரண்டு முறை காங்கிரசிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரசின் சைக்கிள். சின்னம் மாறியதே தவிர, ஓட்டுப் போட்ட வீடு மாறவில்லை.

அந்த வீடுதான் இரண்டாகப் பாகம் பிரிந்தது. அதைத்தான் கட்டுரையாளர் தொடவே இல்லை. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம். அதற்கு முன் எங்களிடம் அச்சான கல்யாணக் கடிதங்களில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே இந்துச் சித்தப்பாவும் கிறிஸ்தவத் தாய்மாமனும் அடுத்தடுத்து இருப்பார்கள். நாடார் குடும்பங்களில் அது சர்வ சாதாரணம். கலவரத்துக்குப் பிறகு புரூஃப் பார்க்க வந்தவர்கள் ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, "இதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1957-ல் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போன தாணுலிங்க நாடாரே பின்னாளில் இந்து முன்னணித் தலைவரானார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 1996-ல் பத்மநாபபுரத்தில் வேலாயுதன் தமிழகத்தின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரானார். 1999-ல் பொன். ராதாகிருஷ்ணன் டென்னிசின் தொடர் வெற்றியை முடித்துவைத்தார். தாமரைக்கு விழுந்த ஓட்டில் பெரும்பகுதி பழைய காங்கிரஸ் வீட்டு ஓட்டு என்பது என் கணிப்பு.

எஞ்சிய பாகம் அதன்பின் காங்கிரஸ் ஓட்டாகக்கூட இருக்கவில்லை. தாமரைக்கு எதிர் ஓட்டாக மாறிவிட்டது. 2004-ல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின், 2009-ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். மூன்று தலைமுறைக் காங்கிரஸ்காரர் ஒருவர் அரிவாள் சுத்தியல் நோட்டீசுக்கு எங்களிடம் முன்பணம் கட்டிய கூத்தையும் பார்த்தேன். 2014-ல் காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் என நான்கு கட்சிகளும் தனித்தனியே நின்றதும் அந்த ஓட்டு சிதறித் தாமரை மலர்ந்தது. மார்த்தாண்டத்துக்கும் பார்வதிபுரத்துக்கும் மேம்பாலம் வந்தது; ஆனாலும் ஒக்கிப் புயலையும் துறைமுகத் திட்டத்தையும் மறக்காத கடற்கரை ஊர்கள் ஒரே பக்கம் சாய, 2019-ல் காங்கிரசின் வசந்தகுமார் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பாலத்தைக் காட்டி ஓட்டு கேட்டவர்களுக்கு இது இன்னும் விளங்கியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. மாவட்டம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கிழக்கே கன்னியாகுமரி, நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதிகளில் 2011-ல் இரட்டை இலை வென்றது. 2016-ல் அதே இரண்டிலும் உதயசூரியன். மேற்கே விளவங்கோட்டில் நெடுங்காலம் போட்டி கைக்கும் அரிவாள் சுத்தியலுக்கும்தான் இருந்தது. அங்கே மூன்று முறை காங்கிரசில் வென்ற விஜயதரணி 2024-ல் பா.ஜ.க.வுக்குப் போனார். வாக்காளர்கள் கூடப் போகவில்லை. இடைத்தேர்தலில் காங்கிரசின் தாரகை கத்பர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைப் படிவம் 20 என்று தேர்தல் ஆணையமே வெளியிடுகிறது. அடுத்த கட்டுரைக்கு முன் தங்கள் நிருபர் தோவாளைப் பக்கத்துச் சாவடிகளையும் விளவங்கோட்டுச் சாவடிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சக உரிமையாளர்,
மார்த்தாண்டம்.