சிங்கப்பூர்–நியூயார்க்: தூரத்தை மட்டும் போட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். பயணக் கட்டுரைகளில் இதை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து "17 மணி நேரம்" என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையில் இருப்பதோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல். இந்த வேறுபாட்டை நம் நாளிதழ் ஒருமுறையாவது விளக்க வேண்டும்.

15,350 என்பது உருண்டையான பூமியின்மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். இரண்டு ஊர்களும் தீர்க்கரேகையில் 178 பாகை தள்ளி, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்புறத்தில் இருப்பதால் அந்த நூல் வட துருவத்துக்கு 300 கிலோமீட்டர் அருகில் செல்லும். விமானம் பெரும்பாலும் அந்த வழியே போவதில்லை. நியூயார்க் போகும்போது பசிபிக்கின் வட பகுதி வழியாகவும், திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் வருவதே வழக்கம். அதாவது போவதும் கிழக்கு நோக்கி, வருவதும் கிழக்கு நோக்கி! மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று இரு முறையும் பின்னாலிருந்து தள்ளும். தூரம் பல நூறு கிலோமீட்டர் கூடினாலும் எரிபொருள் மிச்சம். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் மாறும். 2022 முதல் ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பதும் தெரிவுகளைக் குறைத்திருக்கிறது. இத்தகைய மிக நெடுந்தூரப் பயணத்துக்கென உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே.

அட்டவணை நேரம் என்பது விமானம் நிலைய வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடக்கம்.

பயணிகள் அதிகம் தடுமாறுவது தேதியில்தான். பயணச்சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் 12 மணி நேரமும், நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். பயணம் 18 மணி 40 நிமிடம் என்று வையுங்கள். வெள்ளி இரவு 11.30க்கு இங்கே கிளம்பினால், கோடையில் சனி காலை 6.10க்கு அங்கே இறங்கலாம். கிளம்பும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து வெறுமனே கழித்தால் 6 மணி 40 நிமிடம்தான் வரும். பிற்பகல் 3 மணிக்குத்தான் ஹோட்டல் அறை தருவார்கள் என்பதால், இறங்கியதும் படுக்க வேண்டுமென்றால் வெள்ளி இரவுக்கே முன்பதிவு செய்ய வேண்டும்.

திரும்பும்போது இன்னும் கவனம் தேவை. அங்கே வெள்ளி இரவு 10.30க்கு ஏறினால் இங்கே ஞாயிறு காலை 5.10, குளிர்காலத்தில் 6.10. சனிக்கிழமை நடுவானிலேயே கழிந்துவிடும். சாங்கியிலிருந்து சென்னைக்குத் தனிச்சீட்டு வாங்குவோர் "மறுநாள்தானே" என்று சனிக்கிழமைக்குப் பதிவு செய்தால் அந்தச் சீட்டு வீண். ஞாயிறன்றும் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க மூன்று மணி நேரமாவது விடுவது நல்லது.

ஆகவே நெடுந்தூரச் சேவை பற்றிய செய்திகளில் தூரத்தோடு அட்டவணைப்படியான பயண நேரம், இரு ஊர்களின் நேர வேறுபாடு, இறங்கும் கிழமை ஆகியவற்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்