செயலாளரின் ஆண்டறிக்கை: இணைய ஆட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்த பழைய கன்சோல் விளையாட்டுகள் பற்றிய பதிவேடும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதிருக்கும் பெரும்பான்மையினருக்கும் வணக்கம். விதிகளின்படி செயலாளர் ஆண்டுக்கொருமுறை அளிக்க வேண்டிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் ஆகிய பழைய கன்சோல்களின் (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளின்) கேட்ரிட்ஜ்களில், அதாவது ஆட்டம் பதிந்த செருகுபெட்டிகளில், தீர்ந்துபோயிருந்த சேமிப்பு பேட்டரிகள் மாற்றப்பட்டன. அதிக மதிப்பெண் போட்டி நடைபெற்றது. எப்போதும் வெல்பவரே வென்றார். பழுதான சிஆர்டி (பழைய படக்குழாய்) தொலைக்காட்சி இன்னும் பழுதாகவே இருக்கிறது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, இணையவழிப் பலர் ஆட்டத்துக்கு முழுத் தகுதி இருந்தும் அது தம் காலத்தில் கிட்டாமல் போன கன்சோல் விளையாட்டுகளுக்கென நாம் தொடங்கிய பதிவேடு ஆகும். சென்ற பொதுக்குழுவில் இந்தத் திட்டத்தை நான் முன்மொழிந்தபோது, நடக்காமல் போனதைப் பட்டியலிடுவதால் யாருக்கு என்ன பயன் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவருக்கான விடை பதிவேட்டிலேயே இருக்கிறது என்றாலும், அதை அவர் இதுவரை வாங்கிப் பார்க்கவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் இணைப்பு வேகம் போதாது, ஆகவே கன்சோல்களில் இணைய ஆட்டம் முடியாத காரியம் என்று நம்மில் பலர் கேள்வியே இல்லாமல் நம்பிவருகிறோம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதே பதிவேட்டின் நோக்கம்.

1994இல் அமெரிக்காவில் கேட்டபல்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் மெகா டிரைவுக்கும், அடுத்த ஆண்டில் சூப்பர் நின்டெண்டோவுக்கும் எக்ஸ்பேண்ட் என்ற மோடத்தை, அதாவது தொலைபேசிக் கம்பி வழியே தரவு அனுப்பும் கருவியை, வெளியிட்டது. அது நொடிக்கு 2400 பிட் வேகம் கொண்டது. ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு அடையாளங்களையும் சேர்த்து 10 பிட் என்று வைத்தால், நொடிக்கு 240 பைட்தான் செல்லும். இன்றைய கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் படத்தை அனுப்ப வேண்டிய தேவை அங்கே இல்லை. இரு வீடுகளிலும் ஒரே விளையாட்டு ஓடிக்கொண்டிருக்க, அழுத்தப்படும் பொத்தான்களை மட்டும் ஒன்றுக்கொன்று தெரிவித்தால் போதும். மெகா டிரைவின் மூன்று பொத்தான் கன்ட்ரோலரில் நான்கு திசைகளும் ஏ, பி, சி, ஸ்டார்ட் ஆகியவையும் சேர்ந்து எட்டுச் செய்திகள், செய்திக்கு ஒரு பிட் வீதம் சரியாக ஒரு பைட். திரையில் நொடிக்கு 60 முறை மாறும் படச் சட்டகங்கள் ஒவ்வொன்றுக்கும் அதை அனுப்பினாலும் இணைப்பில் கால் பங்குதான் செலவாகும். எக்ஸ்பேண்ட் மோடத்தின் மேல் கேட்ரிட்ஜைச் செருக வேண்டும். மோடம் ஆட்டத்தின் நிரலில் தேவையான இடங்களை மட்டும் ஓடும்போதே மாற்றிக்கொள்ளும். இருவர் ஒரே அறையில் ஆடுவதற்காக எழுதப்பட்ட மோர்ட்டல் கொம்பாட், என்பிஏ ஜாம் போன்ற ஆட்டங்கள் இப்படித்தான் தொலைபேசிக் கம்பியில் ஏறின. அந்தச் சேவை 1997இல் நின்றுபோனது.

தடையாக இருந்தவை வேறு. பொத்தானை அழுத்தியது மறுமுனையை எட்டுவதற்குள் கழியும் தாமதம் ஒன்று. தொலைதூர அழைப்புக் கட்டணம் மற்றொன்று. இவை இரண்டையும் விடப் பெரியது, வெளியீட்டாளர்களிடம் அக்கறை இல்லாதிருந்தது. ஜப்பானில் 1995இல் தொடங்கிய, சூப்பர் நின்டெண்டோவுக்கான சாட்டலாவியூ சேவை செயற்கைக்கோள் வழியே ஆட்டங்களை ஒளிபரப்பியது. அது ஒருவழிப் பாதை, வாங்கிக்கொள்ளலாமே தவிர திருப்பி அனுப்ப முடியாது. 1994இல் வந்த சேகா சேனலும் கேபிள் வழியே ஆட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதோடு சரி. விநியோகத்தில் காட்டிய ஆர்வத்தை ஆடுபவர்களை ஒருவரோடொருவர் சேர்ப்பதில் காட்டவில்லை என்பது என் கருத்து.

சண்டை ஆட்டங்களைத்தான் பதிவேட்டில் முதலில் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வற்புறுத்தினார்கள். நான் இணங்கவில்லை. சண்டை ஆட்டத்தில் ஒரு சட்டகம் என்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி. நான்கைந்து சட்டகத் தாமதமே ஆட்டத்தின் கணக்கைக் குலைத்துவிடும். அதற்கு உண்மையான மருந்து ரோல்பேக் முறையாகும். எதிராளி என்ன அழுத்தியிருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை முன்னே ஓட்டி, ஊகம் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பி, இடைப்பட்ட சட்டகங்களை ஒரு நொடிப்பொழுதில் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளும் முறை அது. ஒரு சட்டகத்தைக் கணக்கிடவே மூச்சுத்திணறிய 1990களின் கன்சோல்களில் அதற்கு இடமே இல்லை. 2001இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீக்கே, ஸ்லிப்பி என்ற ரசிகர் மென்பொருளின் வழியாக 2020இல்தான், அதுவும் கணினியில்தான், அந்த மருந்து கிடைத்தது. ஆகவே மெலீயைப் பதிவேட்டில் சேர்த்தபோதும், அக்காலத்துக் கருவிகளால் அதற்கு நியாயம் செய்திருக்க முடியாது என்ற குறிப்போடுதான் சேர்த்தேன்.

முதலிடம் நான் கொடுத்தது 1993இல் வந்த சீக்ரெட் ஆஃப் மானா ஆட்டத்துக்கு. இந்தத் தேர்வை இன்னும் சிலர் ஏற்கவில்லை என்பதை அறிவேன். மூன்று பேர் ஒரே கதையில் சேர்ந்து பயணம் செய்யும் இந்த ஆட்டத்தில், ஒருவர் திரையின் ஓரத்தில் சிக்கிக்கொண்டால் மற்ற இருவரும் நகர முடியாது. ஆகவே மூவரின் திரையும் எப்போதும் ஒன்றுதான். எனவே இதற்கும் பொத்தான் செய்திகள் மட்டுமே போதும். அடிக்கு அடி காத்திருக்க வைக்கும் ஆட்டம் என்பதால் சிறு தாமதம் உறுத்தாது. சேமிப்பு இரு வீடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அக்காலக் கேட்ரிட்ஜ்களில் பரவலாக இருந்த 8 கிலோபைட் சேமிப்பு நினைவகத்தை அப்படியே அனுப்பினாலும் எக்ஸ்பேண்டின் வேகத்தில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். மூவரை ஒரு மாலைக்கு ஒரே அறையில் சேர்ப்பதே கடினம் என்றிருக்க, இந்தக் கதை பல மாலைகளைக் கேட்கிறது. சண்டை ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு ஆள் கிடைக்காமல் போவதில்லை. நீண்ட ஆட்டத்தின் நடுவில்தான் ஆள் கிடைப்பதில்லை.

1997இல் வந்த கோல்டன்ஐ 007 பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. நால்வர் ஒரே திரையைக் கால் பங்குகளாகப் பிரித்துக்கொண்டு, அடுத்தவர் பங்கை எட்டிப் பார்த்துச் சுடுவதுதான் அதன் சுவையே என்றார் நம் துணைத்தலைவர். ஒளிந்திருப்பவரை ஒளிந்திருக்க விடாத ஓர் ஆட்டத்துக்குத் தனித்திரையைவிட வேறென்ன வேண்டும் என்று நான் பதிலளித்தேன். நால்வர் ஆடும்போது நின்டெண்டோ 64 தள்ளாடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆளுக்கொரு கன்சோல் தன் பார்வையை மட்டும் வரைந்தால் அந்தச் சுமையும் குறைந்திருக்கும். ஆனால் அந்தக் கன்சோலின் இணையச் சேவையான ராண்ட்நெட் 1999 டிசம்பரில்தான், ஜப்பானில் மட்டும்தான் தொடங்கியது, 2001 பிப்ரவரியில் முடிந்தும்போனது. கோல்டன்ஐக்கு இணைய ஆட்டம் 2023 ஜனவரியில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் பதிப்பில் கிடைத்தது. அதே நாளில் வெளியான எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு அப்போதும் கொடுக்கப்படவில்லை.

அடுத்த தலைமுறையில் வேகத்தைக் காரணம் சொல்ல இடமே இல்லை. 2001இல் வந்த ஹேலோ, நான்கு எக்ஸ்பாக்ஸ்களைக் கம்பியால் இணைத்து 16 பேரை ஆடவைத்தது. ஓராண்டு கழித்து எக்ஸ்பாக்ஸின் இணைய ஆட்டச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தபோது ஹேலோவுக்கு அதில் இடமில்லை. 2003இன் மாரியோ கார்ட்: டபுள் டேஷ் நின்டெண்டோவின் எட்டு கேம்கியூப் கன்சோல்களையும் 16 ஓட்டுநர்களையும் உள்ளகப் பிணையத்தில், அதாவது ஒரே இடத்துக்குள்ளான கம்பி இணைப்பில், சேர்த்தது; கேம்கியூபைப் பிணையத்தோடு இணைக்கும் பிராட்பேண்ட் அடாப்டர் அதற்கு முன்பே விற்பனைக்கு வந்திருந்தும், இணையத்துக்குச் செல்லும் கதவை நின்டெண்டோ திறக்கவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் ரசிகர்களே உள்ளகப் பிணையச் செய்திகளை இணையம் வழியே கடத்தும் மென்பொருள்களை எழுதிக்கொண்டார்கள். தகுதி இருந்ததற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஃபைனல் ஃபேன்டசி கிரிஸ்டல் கிரானிக்கிள்ஸ் ஒரு கசப்பான பதிவு. 2003இல் அதைப் பலர் சேர்ந்து ஆட, ஆளுக்கொரு கேம்பாய் அட்வான்ஸ் கையடக்கக் கன்சோலும் இணைப்புக் கம்பியும் வேண்டியிருந்தது. 2020இன் மறுபதிப்பு இணைய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே அறையில் சேர்ந்து ஆடும் வசதியை எடுத்துவிட்டது. ஒன்றைக் கொடுக்க மற்றொன்றைப் பறிக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இதற்கு மாறாக, சேகா சாட்டர்ன் கன்சோலின் சாட்டர்ன் பாம்பர்மேன் தன் காலத்திலேயே நெட்லிங்க் மோடத்தின் ஆதரவைப் பெற்றது என்பதால் அது பதிவேட்டில் சேரவில்லை. ஒரே திரையில் பத்துப் பேர் ஆடக்கூடிய ஆட்டத்துக்கு இரண்டு கன்சோல்களை மட்டும் சேர்க்கும் தொலைபேசி இணைப்பு போதுமா என்ற கேள்வியை ஓர் உறுப்பினர் எழுப்பியிருக்கிறார். அது நியாயமான கேள்விதான்.

இப்போது சொல்ல விரும்பாத, ஆனால் சொல்லியே தீர வேண்டிய செய்திக்கு வருகிறேன். பதிவேட்டில் சேர்க்கும் முன் ஒவ்வோர் ஆட்டத்தையும் முழு எண்ணிக்கையில் ஆடிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது இந்தப் பொதுக்குழுவே. கைதூக்கி ஆதரித்தவர்களில் எத்தனை பேர் அமர்வுகளுக்கு வந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. படித்துக் காட்டி எவரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நால்வர் ஆட வேண்டியதை இருவர் ஆடினோம். சில வேளைகளில் நானும் துணைச்செயலாளரும் ஆளுக்கு இரண்டு கன்ட்ரோலர்களை மடியில் வைத்துக்கொண்டு ஆடினோம். தொலைவைக் காரணம் காட்டியவர்களுக்காகவே ஹேலோ அமர்வை இணையக் கடத்தல் மென்பொருள் வழியே ஏற்பாடு செய்தேன். அன்றும் அவர்கள் இணைப்பில் வரவில்லை. அக்கால நிறுவனங்கள் இணைய வசதி செய்யாததைக் கண்டிக்கும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியதை மறைப்பதற்கில்லை.

சந்தாவைப் பொறுத்தவரை, செலுத்தியவர்கள் யார் என்பது அவர்களுக்கும் பொருளாளருக்கும் தெரியும். செலுத்தாதவர்களும் தங்களை அறிவார்கள். நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதிலளித்த ஒருவர், சங்கம் தமக்கு என்ன செய்தது என்று கேட்டிருக்கிறார். அவரிடம் நம் சூப்பர் நின்டெண்டோ மல்டிடேப் (இருவருக்கு மேல் ஆடக் கூடுதல் கன்ட்ரோலர்களை இணைக்கும் கருவி) இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. சீக்ரெட் ஆஃப் மானாவை மூவராக ஆடிப் பார்க்கத் துணைச்செயலாளர் தம் சொந்த மல்டிடேப்பைக் கொண்டுவந்ததும் அதனால்தான்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. பேட்டரிகளும் கம்பிகளும் வழக்கமான செலவுகள். பதிவேட்டின் பொருட்டு ஒரு கேம்கியூப் பிராட்பேண்ட் அடாப்டர் வாங்கியது ஆடம்பரம் என்று பேசப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அந்த அடாப்டரைப் பயன்படுத்திய ஆட்டங்கள் மிகச் சிலவே என்பதால் அது சந்தையில் அரிதாகவே கிடைக்கிறது; அது இல்லாமல் டபுள் டேஷை மெய்யான கருவியில் சோதிக்க முடியாது. விவரங்கள் பொருளாளரின் ஏட்டில் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், துணைச்செயலாளர், தணிக்கை செய்துதந்த உறுப்பினர், இடம் தந்து உதவியவர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டின் இரண்டாம் பகுதியாகக் கையடக்கக் கன்சோல்களை எடுத்துக்கொள்ள எண்ணம். 2001இல் ஜப்பானில் கேம்பாயைக் கைபேசியோடு இணைத்த அடாப்டர் வந்து, போக்கிமான் கிரிஸ்டல் அதன் வழியே ஆடப்பட்டது. அச்சேவை 2002 டிசம்பரில் முடிந்தது. முறை வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல என்பதால் அங்கே நம் பட்டியல் நீளும் என்றே கருதுகிறேன். ஆனால் ஆடிப் பார்க்கவும், குறிப்பெடுக்கவும், கணக்குகளைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடுவது எந்தச் சங்கத்துக்கும் நல்லதன்று. என்னைவிடத் தகுதியும் நேரமும் உள்ளவர் முன்வந்தால் பதிவேட்டையும் அலமாரிச் சாவிகளையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் பணியை நானே தொடரவும் தடையில்லை. அமர்வுக்கு மேலும் இருவரேனும் நிச்சயமாக வருவார்கள் என்று இக்கூட்டத்திலேயே பெயர் கொடுத்தால் போதும்.

தேர்தலுக்குச் செல்லும் முன் நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடம் செலுத்துமாறும், மல்டிடேப்பை அடுத்த அமர்வுக்குள் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்