வார்டில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

என் மகளுக்கு 6 வயது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. போன மாதம் வயிறுதான் அவளைப் படுக்கையில் போட்டது. வீடு திரும்பும்போது யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த மடல்.

கீமோவில் வெள்ளையணு குறைந்து காய்ச்சல் வந்தது. 2 வாரம் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அது இல்லையென்றால் பிள்ளை இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் குடலில் குடியிருந்த நல்ல பாக்டீரியாவும் அதோடு சேர்ந்து போய்விட்டது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு 12 தடவை வயிற்றால் போனது.

இரவுப் பணி சிஸ்டர், உங்களுக்குத்தான் முதல் நன்றி. கையில் சானிட்டைசரைத் தேய்த்துக்கொண்டே வந்த என்னை வாசலில் நிறுத்தி, "பாப்பா அம்மா, இதுக்கு அது பத்தாது, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றீர்கள். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இந்தக் கிருமி ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கட்டில் கம்பியில்கூடக் கிடக்கும், ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் கையிலிருந்து அடித்துக்கொண்டு போகும் என்று அப்புறம்தான் புரிந்தது.

வேளை தவறாமல் ப்ளீச்சிங் தண்ணீரால் கம்பி, கைப்பிடி, கழிப்பறை எல்லாம் துடைத்த அக்கா! பக்கத்து அறைகளில் இருந்ததும் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள்தான். ஒரு பிள்ளைக்கும் இது தொற்றவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கிருமியைக் கொல்லும் வான்கோமைசின் ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைத்து, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 10 நாள் வாய்வழியாகக் கொடுத்தோம். வாயால் கொடுத்தால் ரத்தத்தில் அதிகம் ஏறாமல் குடலிலேயே நின்று வேலை செய்யுமாம். எட்டிக்காய்க் கசப்பு. கதை சொல்லிச் சொல்லி அதை விழுங்கவைத்த பயிற்சி நர்ஸ் பெண்களே, உங்கள் கதையில் வந்த யானைக்கு இன்னும் கல்யாணம் முடியவில்லை என்று இவள் கவலைப்படுகிறாள்.

டாக்டர், நான் ஆசையாக வாங்கி வந்த, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பாக்கெட்டைத் திட்டாமல் வாங்கி ஓரமாக வைத்தீர்கள். வெள்ளையணு இவ்வளவு குறைந்திருக்கும்போது அந்த நல்ல கிருமியே ரத்தத்தில் புகுந்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள்.

பிளேட்லெட் கொடுத்த கல்லூரித் தம்பிகளே, சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை. மன்னியுங்கள்.

பெரியம்மா, வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நீங்கள் கொண்டுவந்த பழைய சோற்றை இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். கோபித்துக்கொள்ளாமல் மறுநாளே சுடச்சுடக் குழைசாதம் வடித்து, 2 பஸ் மாறி வந்தீர்கள். உங்கள் தூக்குச்சட்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.