இறங்குதுறைகளில் வானிலை அறிவித்தல் பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி பிடித்து மாவலி கங்கை பெருகிவிட்டால் மூதூர் நண்பர்களைத் தை பிறக்கும் வரை காண்பது அரிதாகிவிடும் என்பதால், மறுநாள் முதல் காற்று வலுக்கும் என்ற எதிர்வுகூறல் வெளியாகியிருந்த கடந்த வாரத்து நாளொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் ஐவர் திருகோணமலையிலிருந்து படகில் சென்று அன்றே திரும்பினோம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பெரும்பாலானோர் தரைவழியாகவே போய்வருகின்றனர். ஆயினும், ஒரு காலத்தில் நாள்தோறும் கடல் கடந்து சென்று மூதூரில் கற்பித்த எங்களுக்கு, கொட்டியாரக் குடாவைக் கடக்காமல் அவ்வூருக்குப் போவது போனதாகவே தோன்றுவதில்லை.

உள்துறைமுகத்தில் தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. முனையைத் தாண்டிக் குடாவுக்குள் நுழைந்ததும், காற்றே இல்லாதபோதும், வடகிழக்கிலிருந்து நீண்ட அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து படகைத் தூக்கி இறக்கின. தொலைவில் எழும் புயலின் அலை காற்றுக்கு முன்னே கரைக்கு வந்துவிடும் என்பதையும், அந்த அலை மாவலியின் கழிமுகத்தில் ஆற்று நீரோடு மோதும் இடத்தில் செங்குத்தாக எழுந்து உடையும் என்பதையும் எங்கள் படகோட்டி சிறு வயதிலிருந்தே அறிந்தவர். மண்ணிறமாகக் கலங்கி, மரக்கிளைகளையும் ஆகாயத் தாமரையையும் சுமந்து வந்த அந்த நீரை விலக்கி, வெகுதூரம் சுற்றியே எங்களைக் கரை சேர்த்தார். “மூண்டு மணிக்குப் பிறகு நிக்க ஏலாது, சேர்” என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார். மூதூர் நண்பர் வீட்டில் பாரைமீன் குழம்பும் சோறும் பரிமாறி, இன்னும் சற்று இருங்கள் என்று வற்புறுத்தியும், படகோட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் கண்டதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. நாங்கள் துறைமுக வாயிலை நெருங்கிய வேளையில், வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சிறிய படகொன்று குடாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதில் நான்கு சிறுவர்கள் இருந்தனர். ஒருவருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லை. எங்கள் படகோட்டி கையசைத்து நிறுத்தி நிலைமையைச் சொன்னபோது, இருபது வயதையும் எட்டாத அந்தப் படகோட்டி, தனக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் நாங்கள் புறப்பட்ட இறங்குதுறையிலும் அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. அவர் படகைத் திருப்பிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே கரைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கான எதிர்வுகூறலைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஆனால், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரை என்று நீளும் அந்த வாக்கியத்தைத் தொலைபேசியில் தேடிப் படித்து, அதைத் தன் சிறு படகுக்குப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் இல்லை. பாலங்கள் வந்தபின் குடாவைக் கடக்கும் பயணம் குறைந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கடலறிவும் குறைந்துவருகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் இளைஞர்களோ பெருகிவருகின்றனர். அந்த இடைவெளியை ஒரு பலகையாவது நிரப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது வீண் அச்சமன்று. 1659 இன் கார்த்திகை மாதப் புயலொன்றில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பல், அதனைச் சீர்செய்ய வந்து சேர்ந்த இடம் இந்தக் கொட்டியாரம்தான். அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட கதை அங்கேதான் தொடங்கியது. 1964 மார்கழிப் புயலை எங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு நம் கரையருகே கடந்ததை நாமே கண்டோம். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தபோது புயல்கூட இருக்கவில்லை. பாதுகாப்பு இல்லாதபோது கரைக்கு அருகிலுள்ள நீரும் உயிரைப் பறிக்கும் என்பதை அந்தத் தாய்மார் அறிவர்.

பயணிகள் ஏறும் ஒவ்வோர் இறங்குதுறையிலும், அன்றைய காற்றின் திசையும் வேகமும், உள்துறைமுகத்தைத் தாண்டிச் செல்லலாமா கூடாதா என்பதும், கரை திரும்பவேண்டிய நேரமும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்துகளில் காலை ஆறு மணிக்குள் எழுதப்பட வேண்டும். அங்கி இல்லாத பயணியை ஏற்றக் கூடாது என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. உரியவர்கள் ஒரு கரும்பலகையை நாட்டி, எதிர்வுகூறலைக் காலையில் எங்கள் கையில் தந்தால் போதும். எங்களில் மூவர் துறைக்கு அருகிலேயே வசிக்கிறோம். நாற்பது ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த கைகள் இவை. மாரி முடியும் வரை முறைவைத்து நாங்களே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.