இசைப் படப் போட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே,

கும்பகோணத்தில் 'இசை' என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய அமெச்சூர் புகைப்படப் போட்டி நல்லபடியாக நடந்து முடிந்தது. பரிசு வாங்கியவர்களுக்கு அன்றைக்கே மேடையில் கைதட்டல் கிடைத்துவிட்டது. கைதட்டலே இல்லாமல் வேலை பார்த்தவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்த மடல். அதிலும் முக்கியமாக, ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்து, எடுத்தவர் மனம் நோகாமல் குறையையும் சொல்லி, அடுத்த முறை எப்படி எடுக்கலாம் என்று வழியும் காட்டியவர்களுக்கு.

வழக்கமான போட்டிகளில் மூன்று படங்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். மற்றவை உறையில் திரும்பி வரும். திரும்பி வந்த படத்தில் என்ன குறை என்று யாரும் சொல்வதில்லை. புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை என்று நாங்கள் நம்புகிறோம். அதனால் வந்த படங்கள் அத்தனையும் பேசப்படும், ஒன்றுகூட விடுபடாது என்று முதலிலேயே அறிவித்தோம். அறிவிப்பது சுலபம், அதைச் செய்து காட்டியது நடுவர்களும், வந்திருந்த நீங்களும்தான்.

பேசுவதற்கு ஒரே ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு எது பிடித்தது. அதற்குப் பிறகுதான் எது உறுத்துகிறது. இந்த வரிசையை யோசனையாகச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். அம்மா, உங்களுக்கு எங்கள் முதல் வணக்கம். 'நன்றாக இல்லை' என்ற சொல்லே அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழவில்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள்.

அடுத்து எங்கள் மிருதங்க வித்வான் ஐயா. இசைப் படங்களுக்கு நடுவராக ஓர் இசைக் கலைஞரே உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். அந்தப் பிடிவாதம் எவ்வளவு சரி என்பது அன்றைக்குத் தெரிந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலக்கையால் வாசிக்கும் பக்கத்தை, மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தார். முகம் இல்லை, மேடை இல்லை, ஒரு கை மட்டும். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "மோதிர விரல் கரணை ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கு. ஆள்காட்டி விரல் மீட்டுல விழுது. இது 'நம்'. தம்பி, எனக்குக் கேக்குது" என்றார். கரணை என்பது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், மீட்டு என்பது வெளியோரத் தோல் வளையம், 'நம்' என்பது அங்கே எழும் ஒரு சொல். அந்த மாணவரின் முகம் மலர்ந்ததை அருகில் இருந்து பார்த்தோம். எந்தக் கோப்பையும் அதற்கு ஈடாகாது.

அதே ஐயாதான் இன்னொரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். வீணை வாசிக்கும் ஒரு பெண்மணி, ஜன்னல் வெளிச்சம், அழகான படம். ஆனால் வீணையின் உருண்டையான குடம் இருக்க வேண்டிய பக்கத்தில் மறுமுனையில் இருக்கும் யாளி முகம் இருந்தது. செல்போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்ததால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தது. வலக்கை மீட்டி, இடக்கை தந்தியை அழுத்தும் 24 மெட்டுகளின் மேல் ஓட வேண்டிய வாத்தியம் அப்படியே தலைகீழாகிவிட்டது. ஐயா அதைப் பிழை என்று சொல்லவில்லை. "இவங்க இடக்கையால வாசிக்கிறவங்களாம்மா?" என்று மென்மையாகக் கேட்டார். எடுத்தவருக்கு அந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துவிட்டது. பெரிய மனதுள்ளவர்கள் குறையைக் கேள்வியாகத்தான் வைப்பார்கள்.

இன்னொரு நடுவர், ஃபிலிம் காலத்திலிருந்து திருமணப் படம் எடுத்துவரும் ஸ்டுடியோ அண்ணன். அவரிடம் நாங்கள் கற்றது ஒரு பாடப் புத்தகம் அளவுக்கு வரும். கோயில் திருவிழாக் கச்சேரிப் படங்கள் பலவற்றில் கறுப்புக் கோடுகள் பட்டை பட்டையாக விழுந்திருந்தன. கேமரா பழுதோ என்று எடுத்தவர்கள் கலங்கியிருந்தார்கள். "கேமரா நல்லாத்தான் இருக்கு. விளக்கைப் பாருங்க" என்றார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மேடை எல்.இ.டி. விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கோ ஐம்பதில் ஒரு நொடிக்கோ கொண்டுவந்தால் கோடுகள் அடங்கும். முடிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள் என்றார்.

அதற்கு ஒரு தங்கை, "அது சத்தம் போடுமே அண்ணா, ரசிகர்கள் திரும்பிப் பார்க்கிறாங்களே?" என்று கேட்டார். இங்கேதான் இரண்டு நடுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை நடக்கும்போது விரலை எடுத்துவிட வேண்டும். தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் வரும் வரை காத்திருந்தால் கேமராச் சத்தம் யார் காதிலும் விழாது என்றார் வித்வான். தாளம் போடும் கையைக் கவனிக்கச் சொன்னார். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. எட்டு முடிந்து சமத்துக்கு, அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கு, வந்து சேரும் நொடியில்தான் மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வேண்டுமென்றால் ஏழாவது எண்ணிக்கையிலேயே விரல் பட்டனில் இருக்க வேண்டும். பாட்டைக் கேட்கத் தெரிந்தவருக்கே பாட்டுப் படம் வாய்க்கும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கிராப் செய்வது பற்றி நெடுநேரம் பேச்சு ஓடியது. பலருக்கு எடுத்த படத்தில் கைவைக்கவே மனம் வரவில்லை. வெட்டினால் அது தோல்வி என்று நினைக்கிறார்கள். அண்ணன் அப்போது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அர்னால்ட் நியூமன் 1946-ல் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். பியானோவின் திறந்த கறுப்பு மூடி படத்தின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருக்கிறது. மனிதர் கீழே ஒரு மூலையில் சிறியவராகத் தலையைக் கையில் தாங்கியபடி இருக்கிறார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம், நெகட்டிவில் சுற்றிலும் நிறைய இடத்தோடு இருந்து, பிறகு வெட்டி எடுக்கப்பட்டது. அதைப் பார்த்த பிறகு தங்கள் படங்களின் ஓரத்தைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தவர்கள் பலர்.

அப்படி மறைத்துப் பார்த்ததில் மெருகேறியதுதான் முதல் பரிசு பெற்ற படம். பள்ளி மாணவி ஒருவர் செல்போனில் எடுத்தது. நாகஸ்வரத்தின் வாய்ப்பக்கம், அதிலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகள் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகள்), அவற்றில் ஒன்றின் வழியே மாலை வெயில் ஊடுருவி நாணலின் நார் ஒவ்வொன்றும் பொன்னாகத் தெரிகிறது. பொருத்தியிருக்கும் சீவாளியின் நுனி மட்டும் ஈரமாக மின்னுகிறது. இப்போதுதான் வாசித்து நிறுத்தியிருக்கிறார் என்று சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. முதலில் வந்த பிரதியில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பாதி ஆளும் இருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "வலது பக்கம் ரெண்டு விரல்கடை வேண்டாமே பாப்பா" என்றார். அவ்வளவுதான். பெரியவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம். பரிசில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இனி, படம் எடுக்க அனுமதித்த கலைஞர்கள். அவர்கள் கதவைத் திறக்காமல் இந்தப் போட்டியே கிடையாது. ஆடுதுறை பக்கத்திலிருக்கும் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஆசாரிமார், பட்டறையில் எங்கள் பிள்ளைகள் கும்பலாக நுழைந்தபோது முகம் சுளிக்கவில்லை. பழைய வீடுகளிலிருந்து வாங்கிவந்த ஆச்சா மரத்துண்டுகளைக் காட்டினார்கள். பல காலம் உத்தரமாக நின்று ஈரம் வற்றிய மரம்தான் நாகஸ்வரத்தின் உடலான உலவுக்கு ஆகும் என்று விளக்கினார்கள். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி 1955-ல் செய்து கொடுத்த, நீளம் கூடிய பாரி நாயனத்தின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டோம். இந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைசல் எந்திரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த உடம்பையும், மரத்தூள் ஒட்டிய புருவத்தையும் இன்னும் எத்தனையோ பேர் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலையை நிறுத்தி, வெளிச்சத்துக்காகக் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தீர்களே, அந்த மனசுக்கு நன்றி.

தவில் அண்ணன்களுக்கும் அப்படியே. வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளை, துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிக் காயவைத்த கெட்டியான அந்தக் கூடுகளை, கழற்றி ஒரு வெற்றிலைத் தட்டில் வரிசையாக வைத்துக் காட்டினார்கள். கழற்றிய விரல்களையும் படம் எடுக்கக் கொடுத்தார்கள். காய்த்துப்போன அந்த விரல்களின் படத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஃபோகஸ் விரலில் விழாமல் தட்டில் விழுந்துவிட்டது என்று பேசப்பட்டது. எங்களைப் பொறுத்தவரை அன்றைய படங்களில் நெஞ்சில் நிற்பது அதுவும்தான். எடுத்தவர் இன்னொரு முறை போய் எடுக்க வேண்டும், அண்ணன்கள் மறுக்க மாட்டார்கள்.

பறைக் குழுத் தோழர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது நெருப்புக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்க விட்டார்கள். சூடேறத் தோல் இறுகி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி ஏறிக்கொண்டே போவதைக் கேட்டபடி எடுத்த படங்கள் அவை. பலவற்றில் தீ வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. வெளிச்சத்தை ஒன்றிரண்டு ஸ்டாப், அதாவது பாதியாகவோ கால்வாசியாகவோ, குறைத்து எடுத்தால் தீயின் நாக்கும் தெரியும், முகம் இருளில் கோடாக நிற்கும் என்று அண்ணன் சொன்னதும், குழுவின் தலைவரே "அடுத்த வாரம் வாங்க, மறுபடி காய்ச்சுறோம்" என்று அழைத்தார். விமர்சனத்துக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

தாராசுரம் போய் வந்தவர்கள் ஐராவதேஸ்வரர் கோயில் பலிபீடத்துப் படிகளை எடுத்திருந்தார்கள், தட்டினால் ஒலிக்கும் என்று பேர்பெற்ற அந்தக் கற்படிகளை. தலைப்பு இல்லாவிட்டால் அது வெறும் படிக்கட்டுதானே என்று ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. அதை எழுப்பிய கல்லூரிப் பேராசிரியருக்கும், "கல்லுக்குள்ள பாட்டு இருக்குன்னு தெரிஞ்சவங்க பார்த்தா போதும்" என்று பதில் சொன்ன எடுத்தவருக்கும் நன்றி. இதில் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் விட்டோம். எங்களில் பாதிப் பேர் இன்னும் பேராசிரியர் பக்கம்தான்.

கூடத்தை வாடகை இல்லாமல் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், லாபம் வைக்காமல் பிரிண்ட் போட்டுத் தந்த கடைக்காரருக்கும், கயிறு கட்டிப் படங்களைக் கிளிப்பில் மாட்டிய தம்பிகளுக்கும், காலையிலிருந்து டிகிரி காபி வந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்ட அக்காமார்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

கடைசியாக, பரிசு கிடைக்காத நண்பர்களுக்கு. உங்கள் படத்தைப் பொதுவில் வைத்து அதைப் பற்றிப் பேச எங்களை அனுமதித்தீர்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும். சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டு, முடிந்த பிறகும் நடுவர்களைச் சுற்றி நின்று கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். வாத்தியங்களைத் தேடிப் போய் மறுபடி எடுக்கிற படங்களை எங்களிடம் கொண்டுவாருங்கள். போட்டி இல்லாவிட்டாலும் அதே முறையில் உட்கார்ந்து பேசுவோம். வித்வான் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

படத்தில் இருக்கும் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி சட்டம் போட்டுக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். முதல் கட்டமாக நரசிங்கம்பேட்டைக்கு வருகிற ஞாயிறு காலை கிளம்புகிறோம். எடுத்தவர்கள் தங்கள் கையாலேயே கொடுத்தால் நன்றாக இருக்கும். வர முடிந்தவர்கள் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

அன்பும் நன்றியுமாக,
போட்டி ஒருங்கிணைப்பாளர்கள்
கும்பகோணம்