ஆணியைப் பிடுங்க விடாத அண்ணனுக்கு நன்றி

நேற்று இரவு தூறலில் சாலையோரம் காரை நிறுத்தி, பின் டயரில் ஏறியிருந்த ஆணியைக் குறடால் பிடுங்கப் போனேன். "தம்பி, கை வைக்காதீங்க!" என்று பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தீர்கள். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அண்ணா. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

டியூப்லெஸ் டயரில் ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டு நிற்கும், பிடுங்கினால் இருக்கிற காற்றும் வேகமாகப் போய்விடும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. காற்று ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. இப்படியே ஓட்டினால் பக்கச்சுவர் நசுங்கி டயரே வீணாகும் என்று ஸ்டெப்னியை மாட்டச் சொன்னீர்கள்.

நீங்களே மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் என் கையால் செய்யவைத்தீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, அப்புறம்தான் ஜாக்கி. திரும்ப மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கச் சொன்னீர்கள். அதுவரை நனைந்துகொண்டே செல்போன் வெளிச்சம் காட்டி நின்றீர்களே, அதை எப்படி மறப்பேன்!

காலையில் டயரைக் கழற்றிப் பார்த்தார்கள். ஆணி நடுப்பகுதியில்தான் இறங்கியிருந்தது, பக்கச்சுவரில் இல்லை. உள்பக்கம் ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். டயர் பிழைத்தது.

இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அண்ணா. காருக்குள் உட்கார்ந்திருந்த அம்மா காலையிலிருந்து உங்களையேதான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.